இன்னொரு தடவ போடுடா

எனக்கு ஹிப் ஹாப் மேல முதல்ல வந்தது எரிச்சல் தான். ரூம்மேட் ஒருத்தன் இருந்தான், ராத்திரி பதினோரு மணிக்கு மேல தான் அவனுக்கு பாட்டு கேக்கவே தோணும், சத்தம் கம்மியா தான் வைப்பான் ஆனா அந்த டிரம்ஸ் மட்டும் சுவத்துல மோதி என் கட்டில் வரைக்கும் வரும், டும் டக், டும்டும் டக், அது மேல யாரோ ஒருத்தன் மூச்சு விடாம பேசிட்டே இருப்பான். நான் அப்ப தீவிர மெலடி கட்சி. பாட்டுன்னா பல்லவி வேணும், சரணம் வேணும், குரல் ஏறி எறங்கணும், நடுவுல ஒரு புல்லாங்குழல் வந்துட்டா இன்னும் சந்தோஷம். "டேய், இவன் எப்படா பாட ஆரம்பிப்பான்"னு ஒரு நாள் கேட்டே விட்டேன். அவனுக்கு கோவமெல்லாம் வரல. "பாட மாட்டான், நீ தூங்கு"ன்னான்.

அந்த எரிச்சல் எப்ப போச்சுன்னு சரியா சொல்ல தெரியல. ஒரு நாள் எங்கயோ க்யூல நிக்கறேன், தொடைல விரல் தானா தாளம் தட்டிட்டு இருக்கு, டும் டக், டும்டும் டக், என்னடா இதுன்னு யோசிச்சா அவன் ராத்திரி போடற பாட்டு! வார்த்த ஒண்ணு கூட தெரியாது, சொன்னவன் பேரு தெரியாது, டிரம்ஸ் மட்டும் என்னைய கேக்காமயே உள்ள வந்து பாய விரிச்சு படுத்துருச்சு. அப்புறமா நெறைய பேர்கிட்ட கேட்டிருக்கேன், உனக்கு எப்படி இது பிடிச்சுப் போச்சுன்னு. முக்கால்வாசி பேரு இதே கதை தான் சொல்றாங்க, மொதல்ல தலை ஆடுச்சு, என்ன சொல்றான்னு புரிஞ்சதெல்லாம் ரொம்ப அப்புறம். இத்தனைக்கும் வார்த்தைய இவ்ளோ நம்பி இருக்கற இசை வேற இல்ல, அதுக்கு வார்த்தையே புரியாம தான் ஆள் சேருது.

ஆனா மெலடி கட்சிக்காரன் முழுசா கவுந்தது ஒரு சாக்ஸஃபோன்னால. பீட் ராக், சி.எல். ஸ்மூத்னு ரெண்டு பேரு, 1992ல அவங்க போட்ட ஒரு பாட்டு இருக்கு, செத்துப் போன நண்பன நெனச்சு எழுதினது, பாட்டோட நீளமான பேர சுருக்கி ட்ராய்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க. அதுல ஒரு சாக்ஸ் வரும் பாருங்க, ரெண்டு மூணு செகண்டு இருக்குமா, தூரத்துல இருந்து யாரோ பேர் சொல்லி கூப்பிடற மாதிரி இருக்கும், திரும்பி பாக்கறதுக்குள்ள முடிஞ்சு மறுபடி அதே கூப்பிடும். போர்வைக்குள்ள இருந்து தலைய நீட்டி "இன்னொரு தடவ போடுடா"ன்னேன். அவன் ஒண்ணுமே சொல்லாம போட்டான். அன்னிக்கு ஏழெட்டு தடவ போட வெச்சிருப்பேன்.

யாருடா இந்த சாக்ஸ் வாசிக்கறதுன்னு கேட்டேன். அவங்க வாசிக்கல, வேற யாரோ வாசிச்ச பழைய இசைத்தட்டுல இருந்து எடுத்ததுன்னான். அப்ப திருட்டா இதுன்னேன். லைட்ட ஆஃப் பண்ணிட்டான்.

அந்த திருட்டா கேள்வி என்னைய விடவே இல்ல. பிடிச்சுப் போனதுக்கு அப்புறம் இது திருட்டுன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும், அப்படி ஒரு ஏமாத்தம். அதனால தான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், இது எங்க இருந்து வந்துச்சு, யாரு ஆரம்பிச்சாங்கன்னு. படிச்சா கதை வேற மாதிரி போகுது.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்ல பிராங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூன்னு ஒரு அடுக்குமாடி, அதோட கீழ்த்தளத்துல இருக்கற பொது அறைல ஒரு பார்ட்டி. நடத்தினது சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணு, ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள புது துணி வாங்க காசு வேணும், அதுக்காக. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டு போட கூடப்பொறந்த அண்ணன் க்ளைவ கூப்பிட்டுருச்சு, அவருக்கு அப்ப 18 வயசு, ஜமைக்கால இருந்து சின்ன வயசுல வந்தவரு, டிஜே கூல் ஹெர்க்னு பேரு. எல்லாரும் ஹெர்க்க தான் ஹிப் ஹாப்போட அப்பான்னு சொல்றாங்க, சரி தான், ஆனா டிக்கெட் போட்டு ஆள் சேத்து அந்த ராத்திரியவே உண்டாக்கினது சிண்டி, அந்த பொண்ணு பேர எத்தன பேரு சொல்றாங்க?

ஹெர்க் என்ன பண்ணாருன்னா, ஆடறவங்கள கவனிச்சாரு. பாட்டு ஓடற வரைக்கும் சுவத்துல சாஞ்சுட்டு நிப்பாங்களாம், நடுவுல எல்லா வாத்தியமும் நின்னு டிரம்ஸ் மட்டும் வர்ற அந்த கொஞ்ச நேரம், ப்ரேக்னு சொல்றது, அதுக்கு மட்டும் உள்ள குதிப்பாங்க. அது சில செகண்டுல முடிஞ்சுரும். அவரு அதே இசைத்தட்டுல ரெண்டு வாங்கி ரெண்டு டர்ன்டேபிள்ல, அதாவது தட்டு சுத்தற மெஷின்ல, வெச்சாரு, ஒண்ணுல ப்ரேக் முடியறப்ப இன்னொண்ணுல தொடங்கும், அது ஓடறப்ப இத பின்னாடி சுத்தி வெச்சுருவாரு, அது முடிஞ்சா இது. பத்து செகண்டு சமாச்சாரம் அஞ்சு நிமிஷம் ஓடும். அந்த ப்ரேக்குக்கு ஆடினதால தான் அவங்களுக்கு பி-பாய், பி-கேர்ள்னு பேரு.

இத படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு. நான் போர்வைக்குள்ள இருந்து கேட்டதும் அந்த பசங்க ஆட்டத்துல கேட்டதும் ஒண்ணு தானே, இன்னொரு தடவ போடுடா! அந்த ஒரு நச்சரிப்புல இருந்து தான் மொத்தமும் கெளம்பியிருக்கு.

அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் அந்த நச்சரிப்ப இன்னும் சுத்தமா பண்ணினவங்க. க்ராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பையன், ஹெர்க் கண்ணளவுல முள்ள வெச்சத பாத்து இவருக்கு திருப்தி இல்ல, இசைத்தட்டு மேலயே க்ரேயான்ல கோடு போட்டு, எத்தன சுத்து பின்னாடி திருப்பினா ப்ரேக் தொடங்கும்னு கணக்கு வெச்சு தாளம் தப்பாம மாத்தி காட்டினாரு. அப்புறம் க்ராண்ட் விஸார்ட் தியோடர், சின்ன பையன், ரூம்ல சத்தமா பாட்டு வெச்சுட்டு இருக்கான், அம்மா வந்து திட்டறாங்க, திட்டு வாங்கறப்ப ஓடற தட்ட கையால பிடிச்சு முன்னயும் பின்னயும் அசைச்சுட்டு நின்னிருக்கான், விர்க் விர்க்னு ஒரு சத்தம், அட இது நல்லா இருக்கேன்னு தோணியிருக்கு. ஸ்க்ராட்ச் பொறந்த கதைன்னு அவரே சொல்றது இது தான். அம்மா திட்டினதால உருப்பட்டவங்க லிஸ்ட்ல இவரையும் சேத்துக்கலாம்.

சரி, திருட்டு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அதுல எனக்கு இன்னும் ஒரு முடிவு கெடைக்கல. தி வின்ஸ்டன்ஸ்னு ஒரு குழு, 1969ல ஒரு இசைத்தட்டு, அதோட பின்பக்கத்துல சும்மா நெரப்பறதுக்கு போட்ட மாதிரி ஒரு வாத்திய இசை. நடுவுல க்ரெகரி கோல்மன்னு டிரம்மர் ஒரு ஆறேழு செகண்டு தனியா வாசிப்பாரு. அமென் ப்ரேக்னு அதுக்கு பேரு, ஹிப் ஹாப்ல ஆரம்பிச்சு ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ்னு சொல்ற டான்ஸ் இசை வரைக்கும் ஆயிரக்கணக்கான பாட்டுல அது தான் ஓடுது, நீங்க இந்த இசை பக்கமே வந்ததில்லன்னாலும் எங்கயாவது விளம்பரத்துலயோ டிவிலயோ கேட்டிருப்பீங்க. கோல்மனுக்கு அதுல இருந்து காசு எதுவும் வரல. 2006ல செத்துப் போறப்ப வீடு வாசல் இல்லாம இருந்திருக்காரு. பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்கு டிரம்ஸ் வாசிச்ச க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட் கதையும் கிட்டத்தட்ட இதே தான், அவரு ஒரு பாட்டுல வாசிச்ச சின்ன டிரம்ஸ் துண்டு ஊரெல்லாம் ஓடுது, பாட்ட எழுதினவர்னு பேரு இல்லாததால அவருக்கு ராயல்டி கெடையாது. இத எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு கேக்கறப்ப அந்த டிரம்ஸ் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அதே நேரம் எதிர்ப்பக்கம் நடந்ததும் சந்தோஷமா இல்ல. 1991ல பிஸ் மார்க்கின்னு ஒரு ராப்பர் மேல ஒரு வழக்கு, பழைய பாட்டு ஒண்ண கேக்காம எடுத்துட்டாருன்னு. நீதிபதி பைபிள்ல வர்ற "திருடாதே"ய தூக்கி தீர்ப்போட மொத வரியாவே போட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொண்ணுக்கும் காசு. அதுக்கு முன்னாடி ஒரே பாட்டுல பத்து இருபது தட்டுல இருந்து துண்டு துண்டா எடுத்து தையல் போட்டாங்களே, பப்ளிக் எனிமிங்கற குழுவோட ஆல்பம் எல்லாம் கேட்டா காதுக்குள்ள ஒரு சந்தையே நடக்குமே, அந்த மாதிரி பண்றது பெரிய கம்பெனி பணம் இல்லாதவனுக்கு கட்டுப்படியாகாத விஷயமாயிடுச்சு. கோல்மனுக்கு போக வேண்டிய காசு அப்பவும் போகல, அது வேற விஷயம்.

ட்ராய் பாட்டோட வார்த்தை எனக்கு புரிஞ்சது சாக்ஸ் பிடிச்சதுக்கு அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு. ட்ராய் டிக்சன்னு ஒரு டான்ஸர், ஹெவி டி குழுவுல ஆடினவரு, 1990ல டூர் போன எடத்துல ஒரு விபத்துல எறந்துட்டாரு. அவருக்காக எழுதின பாட்டு, ஆனா ஒப்பாரியா இருக்காது, சி.எல். ஸ்மூத் தன் குடும்பத்த பத்தி, தன்னைய வளத்தவங்கள பத்தி வரிசையா சொல்லிட்டே வந்து நண்பன்கிட்ட வந்து நிக்கறாரு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த சாக்ஸ் ஏன் கூப்பிடற மாதிரி கேட்டுச்சுன்னு... சரி விடுங்க, அத எழுதி கெடுக்க விரும்பல.

வார்த்தை பக்கம் என்னைய இழுத்தது ராக்கிம்னு ஒரு ராப்பர். அவரும் டிஜே எரிக் பி-யும் 1987ல போட்ட முதல் ஆல்பம். ரூம்மேட் "இத கவனிச்சு கேளு, எங்க ரைம் விழுதுன்னு மட்டும் பாரு"ன்னான். நமக்கு ஸ்கூல்ல எதுகை மோனை மனப்பாடம் பண்ண வெச்சாங்க இல்ல, முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, ரெண்டாவது எழுத்து ஒத்து வந்தா எதுகை, கடைசில ஒத்து வந்தா இயைபு, மார்க்குக்காக படிச்சு மறந்தது, அது திடீர்னு உபயோகப்பட்டுச்சு. ஆரம்ப கால ராப் பெரும்பாலும் இயைபு தான். நாலு தட்டு தாளம், நாலாவது தட்டுல ரைம், வாக்கியமும் அங்கயே முடியும். இப்படி வெச்சுக்கோங்க:

மழை வந்துச்சு, குடை இல்ல
போக நெனச்சேன், வழி இல்ல

ராக்கிம் அத ஒடச்சாரு. ரைம் வரியோட நடுவுல ரெண்டு மூணு வாட்டி விழும், வாக்கியம் வரி முடிஞ்சாலும் முடியாம அடுத்த வரிக்கு வழிஞ்சு போகும். தமிழ்ல பண்ணா இப்படி இருக்கும்னு வைங்க:

குடையில்லாத நடையில, தடையில்லாத மழையில, விடை
கிடைக்காத கேள்வி ஒண்ணு இடையில

(ரெண்டுமே நானே அடிச்சு விட்டது, புலவர்கள் யாராவது படிச்சா மன்னிச்சுருங்க.) ரெண்டாவத வாய் விட்டு படிச்சு பாருங்க, எங்க மூச்சு விடறதுன்னு தெரியாது, அந்த தெரியாம போறது தான் சுகம். ராக்கிம் சின்ன வயசுல சாக்ஸஃபோன் வாசிச்சவரு, ஜாஸ்ல சாக்ஸ் வாசிச்ச ஜான் கோல்ட்ரேன் வாசிக்கறத மனசுல வெச்சு தான் வார்த்தைய அடுக்கினேன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. மறுபடியும் சாக்ஸ்! மெலடி இல்லன்னு நான் திட்டின இசைல ஒருத்தன் குரல்லயே சாக்ஸ் வாசிச்சுட்டு இருந்திருக்கான், எனக்கு தான் காது இல்ல.

அதுல இருந்து நோட்டு ஒண்ணு போட்டேன். காதுல விழுந்தத விழுந்தபடி எழுதுவேன், பாதி தப்பு. ஒரு வரிக்காக இருபது முப்பது தடவ ரீவைண்ட் பண்ணியிருக்கேன், பட்டன் தேய்ஞ்சு எழுத்தே அழிஞ்சு போச்சு. கடைசில சரியான வரி எதுன்னு தெரிய வந்தப்ப ரெண்டு மூணு எடத்துல நான் எழுதினதே பரவால்லன்னு தோணுச்சு, அது ஒரு தனி திமிரு.

நாஸ்ங்கற ராப்பர் வந்தது இந்த நோட்டு காலத்துல தான். 1994ல வந்த அவரோட முதல் ஆல்பம், இல்மாட்டிக், மொத்தமே நாப்பது நிமிஷம் போல, அப்ப அவருக்கு வயசு இருபது. இருபது வயசுல நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு நெனச்சா வேணாம். அதுல ஒரு பாட்டோட தொடக்கத்துல, எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னு அவரு முனகறது கூட அப்படியே பதிவாயிருக்கும், அடுத்த செகண்டு ஆரம்பிப்பாரு பாருங்க, கட்டிடம், படிக்கட்டு, போலீஸ், ஓட்டம், எல்லாம் கண்ணு முன்னாடி. அவரு பொறந்தது 1973 செப்டம்பர், அந்த செட்ஜ்விக் பார்ட்டி நடந்ததுக்கு அடுத்த மாசம். இதுக்கு அர்த்தம் எல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்கு பிடிச்ச தகவல், அவ்ளோ தான்.

மெஷின் பத்தி ஒரு சின்ன கிளைக்கதை சொல்லிடறேன், பிடிக்காதவங்க அடுத்த பாராவுக்கு தாண்டிடுங்க. எஸ்பி-1200னு ஒரு சாம்ப்ளர், அதாவது பழைய தட்டுல இருந்து சத்தத்த துண்டா எடுத்து வெச்சுக்கற மெஷின், 1987ல வந்தது, அதுல மொத்தம் பத்து செகண்டு சத்தம் தான் வெச்சுக்க முடியும். பத்து செகண்டுல ஒரு முழு பாட்டுக்கான சாமான் எல்லாம் அடங்கணும். பசங்க என்ன பண்ணாங்க, நிமிஷத்துக்கு 33 சுத்துல ஓட வேண்டிய தட்ட 45 சுத்துல வேகமா ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணி, மெஷினுக்குள்ள மறுபடி மெதுவாக்கிட்டாங்க. எடம் மிச்சம். ஆனா அப்படி பண்றப்ப சத்தம் கொஞ்சம் சொரசொரப்பாயிரும், மணல் கலந்த மாதிரி. பீட் ராக் டிரம்ஸ்ல ஒரு அழுக்கு இருக்கும் இல்ல, ராத்திரி சுவத்துல மோதி வந்து என்னைய எழுப்பினதே அது தான், அந்த அழுக்குல இந்த மெஷினுக்கும் பங்கு உண்டு. இன்னிக்கு எவ்ளோ நேரம் வேணாலும் எவ்ளோ சுத்தமா வேணாலும் எடுக்கலாம், ஆனா அதே அழுக்கு வேணும்னு தனியா சாஃப்ட்வேர் விக்கறாங்க.

எல்லாருக்கும் ரூம்மேட் வழியா தான் வரணும்னு இல்ல. நான் கேட்டதுல ஒருத்தி டான்ஸ் க்ளாஸ் போயி அங்க இருந்து வந்தவ, ஒருத்தன் வீடியோ கேம்ல வண்டி ஓட்டறப்ப பின்னாடி ஓடின பாட்டுல விழுந்தவன். ஒரு பெரிய கூட்டம் எமினெம் வழியா வந்தது, 2002ல அவரு நடிச்ச படம், அதுல வந்த பாட்டுக்கு ஆஸ்கர் கெடச்சுது, அந்த விருத வாங்கின முதல் ராப் பாட்டு அது, ஆளு விழாவுக்கே போகல. இன்னொரு கூட்டம் ராக் பக்கத்துல இருந்து லிங்கின் பார்க் கேட்டு, அதுல நடுவுல வர்ற ராப் மட்டும் பிடிச்சு இந்த பக்கம் தாண்டி வந்தது. அதுக்கும் முன்னாடி 1986ல ரன்-டிஎம்சிங்கற ராப் குழு ஏரோஸ்மித்தோட சேந்து ஏரோஸ்மித்தோட பழைய ராக் பாட்ட மறுபடி போட்டு ராக்குக்கும் ராப்புக்கும் நடுவுல இருந்த சுவத்துல ஓட்டை போட்டாங்க. இந்த வாசல்ல எதுல நொழைஞ்சாலும் உள்ள இருக்கற ஒருத்தன் "அதெல்லாம் உண்மையான ஹிப் ஹாப்பே இல்ல"ன்னு சொல்லுவான். எனக்கும் ஒருத்தர் சொன்னாரு, அதுவும் ட்ராய் பாட்டுல வந்தவன்கிட்ட! அவருக்கு 1988க்கு அப்புறம் வந்தது எதுவுமே ஆகாதாம். வாசல்ல நின்னுட்டு டிக்கெட் கிழிக்கறவங்க எல்லா இசைலயும் இருக்காங்க, கண்டுக்காம உள்ள போயிடணும்.

பிடிச்சுப் போனதுனால எல்லாத்தையும் பூசி மெழுக மாட்டேன். வார்த்த புரிய ஆரம்பிச்சதும் சில பாட்டு எனக்கு விட்டுப் போச்சு. பொண்ணுங்கள பத்தி பேசற விதம், துப்பாக்கிய நகை மாதிரி காட்டறது, டிரம்ஸ் எவ்ளோ நல்லா இருந்தாலும் சிலத இப்ப வெளில சத்தமா வெக்க முடியாது. "அவன் வாழ்ந்தத சொல்றான்"னு ரூம்மேட் சண்டை போடுவான், பாதி ஒத்துக்குவேன். 1982ல ஃப்ளாஷ் குழு பேர்ல வந்த பாட்டு, மெலி மெல்லும் ட்யூக் பூட்டியும் சொன்னது, ஒடஞ்ச கண்ணாடி, எலி, கரப்பான்னு அந்த தெருவ அப்படியே காட்டும், அது வாழ்ந்தத சொல்றது. சும்மா விலை போகுதேன்னு சொல்றதும் இருக்கு. ரெண்டையும் பிரிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, இப்பவும் சில சமயம் தப்பா பிரிக்கறேன்.

அந்த ரூம்மேட்ட போன மாசம் ரொம்ப வருஷம் கழிச்சு கூப்பிட்டேன். இப்ப என்னடா கேக்கறன்னு கேட்டா, குழந்தை தூங்கறதுக்கு போடற பாட்டு தான்டா, வேற எதுக்கு நேரம்ங்கறான். அந்த சாக்ஸ் யாருது தெரியுமாடா உனக்குன்னேன். தெரியாதாம், அன்னிக்கும் தெரியாதாம், அதனால தான் லைட்ட ஆஃப் பண்ணானாம்.

எனக்கு தெரியும். டாம் ஸ்காட், 1967, அப்ப அவருக்கு 19 வயசு கூட ஆகியிருக்குமோ என்னவோ, ஜெஃபர்சன் ஏர்ப்ளேன்ங்கற ராக் குழுவோட ஒரு காதல் பாட்ட சாக்ஸ்ல வாசிச்சிருக்காரு. அது யாரோ வித்துட்டு போன தட்டா தூசி பிடிச்சு கெடந்து, 25 வருஷம் கழிச்சு பீட் ராக் கைல மாட்டியிருக்கு. போன் வெச்சதும் அந்த ஒரிஜினல தேடி எடுத்து ஹெட்ஃபோன மாட்டினேன். கோரஸ் எல்லாம் வெச்சு அந்த காலத்து பாட்டு, சாந்தமா போகுது, டிரம்ஸ்ல அழுக்கு இல்ல, யாரும் பேசல. நானும் சுவத்துல சாஞ்சுட்டு காத்துட்டே இருந்தேன். வந்துச்சு. அதே கூப்பிடற சத்தம், அதே சில செகண்டு, அதுக்குள்ள பாட்டு அது பாட்டுக்கு வேற எங்கயோ போயிடுச்சு, திரும்பியே பாக்கல.

கை தானா பின்னாடி இழுத்துருச்சு.